தாத்தாவின் பாதம்: ஒரு பிசியோதெரபி மாணவியின் நாட்குறிப்பு

ஜனவரி 19

பொங்கல் விடுமுறை முடிந்து வேலூருக்குத் திரும்பியாகிவிட்டது. மூன்றாம் ஆண்டு பிசியோதெரபி. இந்த மாதத்திலிருந்து ஓ.பி.யில் நோயாளிகளைத் தொட்டுப் பார்க்கும் போஸ்டிங். முதல் வகுப்பில் சார் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். “இந்தப் படிப்புக்கு உங்களைக் கொண்டுவந்தது எது? பெயர் போட வேண்டாம், எழுதுங்க” என்றார். எல்லாத் தாளையும் கலைத்துப்போட்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் அம்மாவின் கழுத்து வலி. ஜவ்வாது மலையில் பிரசவ வலி வந்த அத்தையை டோலி கட்டி ரோடு வரைக்கும் தூக்கி வந்தது. பிறந்ததிலிருந்து நடக்க முடியாத தம்பி. ‘எம்.பி.பி.எஸ். சீட் கிடைக்கவில்லை, அதனால் வந்தேன்’ என்று ஒரு தாள். அதையும் சார் அதே குரலில், அதே மரியாதையோடு படித்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

நான் எழுதியது ஒரே வரி: ‘வீட்டில் ஒரு பெரியவருக்குத் தினமும் கால் பார்த்துப் பழக்கம்.’ என்ன நோய் என்று எழுதவில்லை. வெளியில் சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டில் நான் பிறப்பதற்கு முன்பே போட்ட சட்டம்.

ராத்திரி ஹாஸ்டலில் அந்த ஜவ்வாது மலைப் பையனைப் பற்றித்தான் பேச்சு. தாளில் பெயர் இல்லாவிட்டாலும் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எல்லோரும் ‘பாவம்’ என்றார்கள். எனக்கு வேறு தோன்றியது. வலியில் இருக்கும் ஒருவரை முதுகு அலுங்காமல் கரடுமுரடான சரிவில் எப்படித் தூக்குவது என்று அவனுக்குத் தெரியும். எங்களுக்கு அது இன்னும் பாடத்தில்கூட வரவில்லை. அதை ஏன் யாரும் அவனிடம் கேட்கவில்லை?

ஜனவரி 30

காந்தி நினைவு நாள். நம் நாட்டில் இதுதான் தொழுநோய் ஒழிப்பு தினமும். காலையில் உறுதிமொழி எடுத்தோம். சேவாகிராமத்தில் தொழுநோய் வந்திருந்த பர்ச்சுரே சாஸ்திரியின் புண்களைக் காந்தி தம் கையாலேயே கழுவிக் கட்டியதை மேடம் சொன்னார். நான் கடைசி வரிசையில் நின்றிருந்தேன். உறுதிமொழியில் ‘வெறுக்க மாட்டேன், ஒதுக்க மாட்டேன்’ என்று வரும் இடத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது.

என் தாத்தாவுக்குத் தொழுநோய் இருந்தது. இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டியவர். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு முன்கையில் தேமல் மாதிரி ஒரு திட்டு. அதில் சொரணை இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. சுண்டுவிரலும் மோதிர விரலும் மெல்ல மடங்கிக்கொண்டன. அறுந்த இழையை முடிச்சுப்போட விரல் வரவில்லை. முழங்கைப் பக்கம் ஓடும் அல்நார் நரம்பு பாதிக்கப்பட்டால் இப்படித்தான் ஆகும் என்று இன்றைக்கு நான் பரீட்சையில் எழுதுகிறேன். அன்றைக்கு ஊர் வைத்த பேர் பெருவியாதி. தண்ணீர்க் குடத்தைத் தனியாக வைத்தார்கள்.

காட்பாடிப் பக்கம் கரிகிரி ஆஸ்பத்திரிக்கு ஆயாதான், அதாவது என் பாட்டிதான், அவரை இழுத்துக்கொண்டு போனார். 1955-இல் தொழுநோய்க்கென்றே தொடங்கிய இடம். பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1940-களின் கடைசியில் வேலூரில் தொடங்கிய கை அறுவை சிகிச்சைகள் அங்கேயும் நடந்தன. நடுவிரலை மடக்கும் தசைநார்களில் ஒன்றை எடுத்து, நான்கு கீற்றாகப் பிரித்து, நான்கு விரலுக்கும் பொருத்துகிற முறை ஒன்று உண்டு. தாத்தாவுக்குச் செய்தது அதுதான் என்று தழும்பை வைத்து இப்போது எனக்குப் புரிகிறது. மூன்று வாரம் மாவுக்கட்டு. அப்புறம்தான் உண்மையான வேலை. நடுவிரலை மடக்கிக்கொண்டிருந்த தசை இனிமேல் வேறு வேலை செய்ய வேண்டும். அதை மூளைக்குப் பழக்க வேண்டும். பழக்கியவர் ஒரு பிசியோதெரபி டெக்னீஷியன். தாத்தாவுக்கு ஆபரேஷன் செய்த டாக்டரின் முகம் மறந்துவிட்டது. அந்த டெக்னீஷியன் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து “இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி” என்று சொன்னதை மட்டும் இன்றைக்கும் அதே குரலில் சொல்லிக்காட்டுவார். என் படிப்பு எனக்கு அறிமுகமானது அந்தக் குரலில்தான்.

பிப்ரவரி 8

ஞாயிறு. வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

ராத்திரி ஏழரை மணிக்கு, நியூஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது, தாத்தா அகலமான பிளாஸ்டிக் டப்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் காலை வைப்பார். வெந்நீர் கூடாது, சூடு தெரியாத காலுக்கு வெந்நீர்தான் எமன். இருபது நிமிடம் போல ஊறிய பிறகு, குதிகாலிலும் பெருவிரல் அடியிலும் தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்ப்பார். பழைய லுங்கித் துணியால் விரல் இடுக்கு ஒவ்வொன்றாக ஒற்றி எடுப்பார். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய். வியர்வை வராத தோல் அது, எண்ணெய் இல்லாவிட்டால் பாளம் பாளமாக வெடிக்கும். இடுக்கில் மட்டும் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்வார். அப்புறம் சவரக் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பார். கடைசியில் செருப்பைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே விரலை விட்டு ஆணி, கல் ஏதாவது இருக்கிறதா என்று துழாவ வேண்டும். அவருடைய விரலுக்கே சொரணை இல்லை. அதனால் அது வேறொருவர் வேலை.

இன்னொரு வேலையும் அப்படித்தான். இரண்டு பாதத்திலும் அதே இடத்தில் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சூடாக இருந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது, நாளைக்கு நடை கூடாது. ஆயா இருந்தவரை அவர் பார்த்தார். ஆயா போன பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. அப்போது ஆறாம் வகுப்போ என்னவோ. அம்மாவுக்கு முதலில் கொஞ்சம் பயம். நோய் எப்போதோ குணமாகிவிட்டது, மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே ஒட்டும் தன்மை போய்விடும் என்று அப்பா எவ்வளவோ சொல்லியும் நான் கை கழுவியதை எட்டிப் பார்ப்பார். இப்போது நான் ஊரில் இல்லாத நாளில் அம்மாவே பார்க்கிறார். இன்றைக்கு நான் கையை வைக்கப் போனபோது, “இரு, நான் பாத்துட்டேன். எடது பக்கம் நல்லா இருக்கு” என்றார். இதை எழுதும்போது சந்தோஷமாக இருக்கிறது.

பிப்ரவரி 24

பயோமெக்கானிக்ஸ் மாதிரித் தேர்வு. நடையின் கட்டங்கள் வந்தன. சுமாராக எழுதியிருக்கிறேன்.

மார்ச் 11

பாகாயம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம். கூட வந்த தோழி, வேலூரில் எல்லோருக்கும் தெரிந்த அந்தக் கதையை இழுத்தாள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்துபோக, பெண் மருத்துவர் இல்லையே என்று, பின்னால் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் டாக்டராக முடிவெடுத்த கதை. “அந்த ஒரு ராத்திரி இல்லன்னா வேலூரே வேற மாதிரி இருந்திருக்கும் இல்ல?” என்றாள்.

இருக்கலாம். ஆனால் அந்த ராத்திரியை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது எனக்குச் சம்மதமில்லை. அதற்குப் பின்னால் வருடக்கணக்கான படிப்பு இருக்கிறது. 1899-இல் அமெரிக்காவில் கார்னெலில் மருத்துவப் பட்டம், 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு தொடக்கம், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. வாசலில் வந்து நின்ற துயரம் எத்தனையோ பேருக்கு உண்டு. அதைக் கைத்திறனாக மாற்ற அவ்வளவு காலம் பிடிக்கிறது.

எனக்கு இன்னும் நெருக்கமானவர் மேரி வர்கீஸ். இளம் டாக்டராக இருந்தபோது 1954-இல் விபத்து, முதுகுத்தண்டில் அடி, இடுப்புக்குக் கீழே செயலில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அப்புறம் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து, இங்கே அந்தத் துறையை வளர்த்தார். பாகாயத்தில் 1966-இல் மறுவாழ்வு மையம் வந்தது. படுக்கையில் எந்த இடத்தில் புண் வரும், எந்த வாசற்படியில் நாற்காலி நின்றுபோகும் என்பதையெல்லாம் அவர் தம் உடம்பிலேயே அறிந்தவர். அந்த அறிவை ஓரமாக வைத்துவிட்டு ‘மன உறுதி’ என்று மட்டும் பாராட்டுவது அவருக்குச் செய்யும் பாதி மரியாதைதான்.

ஏப்ரல் 15

சர்க்கரை நோயாளிகளின் கால் பார்க்கும் கிளினிக்கில் இந்த வாரம் போஸ்டிங். நேதாஜி மார்க்கெட்டில் பூ விற்கும் ஓர் அம்மா வந்திருந்தார். வருடப்பிறப்பன்று வெறுங்காலோடு கோயிலைச் சுற்றியிருக்கிறார். வேலூர் வெயிலில் கருங்கல் தரை எப்படி இருக்கும்! வலது பெருவிரலுக்குக் கீழே கொப்புளம். “ஒண்ணும் வலிக்கல கண்ணு, மருமவதான் பயந்துட்டா” என்றார். வலிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை வைத்துப் பாதத்தின் சொரணையைச் சோதித்தேன். இழை வளையும் அளவுக்கு அழுத்தியும், கண்ணை மூடியிருந்த அவர் பெரும்பாலான இடங்களில் ஒன்றும் சொல்லவில்லை. சரி, கொப்புளத்தைக் குறித்துக்கொண்டேன். பழக்கத்தில் இரண்டு பாதத்திலும் புறங்கையை வைத்தேன். கொப்புளம் இருந்த வலது காலைவிட இடது பாதத்தின் நடுப்பகுதி நன்றாகச் சூடாக இருந்தது. கொஞ்சம் வீக்கமும் இருந்தது. புண் எதுவும் இல்லை. சாரைக் கூப்பிட்டேன். அவர் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை எடுத்துவந்து இரண்டையும் அளந்தார். இரண்டு டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே எச்சரிக்கை. இங்கே அதையும் தாண்டியிருந்தது. எலும்பு உள்ளுக்குள்ளேயே நொறுங்கும் சார்கோ பாதத்தின் தொடக்கமாக இருக்கலாம் என்று உடனே எக்ஸ்ரேவுக்கு அனுப்பினார். காலை ஊன்ற விடாமல் நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனோம்.

அப்புறம் சார் கேட்டார்: “கொப்புளம் வலதுல இருக்கு. இடதைத் தொட்டுப் பார்க்கணும்னு யார் சொல்லிக்கொடுத்தாங்க?”

“எங்க தாத்தா சார். அவருக்குத் தொழுநோய் இருந்தது. கரிகிரியில அவருக்குச் சொல்லிக்கொடுத்தாங்க.”

சொல்லிவிட்டேன். பக்கத்தில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். சார் முகம் மாறவில்லை. “உட்காரு, முழுசாச் சொல்லு” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். டப், தேங்காய் எண்ணெய், கண்ணாடி, செருப்பு எல்லாவற்றையும் சொன்னேன். தொழுநோய்க்காக வேலூரில் வகுத்த பாதப் பராமரிப்பு முறைகள் எத்தனை சர்க்கரை நோயாளிகளின் காலைக் காப்பாற்றியிருக்கின்றன என்று அவர் மற்றவர்களுக்கு விளக்கினார். வலி என்ற காவல் போன பிறகு, தெரியாமல் படும் காயங்கள்தான் விரல்களைத் தின்கின்றன, நோய் நேராகத் தின்பதில்லை என்று பிராண்ட் காட்டியதிலிருந்து தொடங்கி, மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு வரைக்கும். அந்த ரப்பர் செருப்பு எங்கள் வீட்டு வாசலில் கிடக்கிற ஒன்று.

“தாத்தாவால வர முடியுமா? இந்தப் பசங்களுக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுக்கச் சொல்லலாம்” என்றார் சார். நோயாளியாக இல்லை, பாடம் எடுக்க. அந்தச் சொல்லை நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஏப்ரல் 19

ஊரில் கேட்டேன். தாத்தாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. எந்தச் சட்டை போடுவது என்பது வரை போய்விட்டார். பெரியப்பாதான் எழுந்து நின்றுவிட்டார். அக்காவுக்கு ஆனியில் கல்யாணம். “பையன் வீட்டுக்கு இன்னா பதில் சொல்றது? நாலு பேர் பாத்தா நாப்பது பேருக்குத் தெரியும்” என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தண்ணீர்க் குடத்தைத் தனியாக வைத்தபோது சின்னப் பையனாக நின்று பார்த்தவர் அவர். தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டலாம் என்று இருந்த சட்டப்பிரிவுகளை நாடாளுமன்றம் நீக்கியதே 2019-இல்தான். தொழுநோயைக் குணமாக்கும் கூட்டு மருந்து சிகிச்சை வந்தது 1982-இல். மருந்துக்கும் மரியாதைக்கும் நடுவே அத்தனை வருடம். அவர் பயத்தை நான் எப்படிக் குறை சொல்வது?

ஆனால் பயத்துக்கு ஒத்துப்போகவும் என்னால் முடியாது என்று அவரிடமே சொன்னேன். தாத்தா இருவரையும் உட்காரச் சொன்னார். “கல்யாணம் முடியட்டும். ஆடியில போறேன். அதுக்கு மேல யாரும் பேசக்கூடாது” என்றார். பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட உட்கார்ந்தார்.

மே 6

அக்னி நட்சத்திரம். பத்து மணிக்கே ரோட்டில் ஆளில்லை.

பூக்கார அம்மா வந்திருந்தார். இடது காலுக்கு முழங்கால் வரை மாவுக்கட்டு. சார் சந்தேகப்பட்டது சரிதான், ஆனால் எலும்பு சரிந்துபோவதற்கு முன்பே பிடித்தாகிவிட்டது. வலது கால் கொப்புளம் ஆறிவிட்டது. இன்னும் சில மாதம் காலை ஊன்றக்கூடாது. பூக்கடையை மருமகள் பார்த்துக்கொள்கிறாள். மருமகளை உட்காரவைத்து வலது காலில் புறங்கை வைக்கப் பழக்கினேன். முதலில் உள்ளங்கையை வைத்தாள், எதுவும் தெரியவில்லை என்றாள். இன்னொரு வாட்டி என்றேன்.

ஜவ்வாது மலைப் பையனிடமும் பேசிவிட்டேன். டோலி கட்டுவதை ஆடியில் அதே வகுப்பில் செய்துகாட்ட ஒத்துக்கொண்டான். மூங்கிலுக்கு என்ன செய்வது என்றுதான் கேட்டான். சாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.