ஐஜிபி அட்டவணையை எப்படிப் படிக்க வேண்டும்

சிங்கப்பூரில் ஏ லெவல் முடிவு வந்த அன்றே பெற்றோர் கேட்கும் கேள்வி, "இந்த மார்க்குக்கு என்யுஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) கிடைக்குமா?" பொதுவாக இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒவ்வொரு படிப்புக்கும் நிலவரம் வேறு. இடம் பெற்றவர்களின் மதிப்பெண் நிலையைப் படிப்புவாரியாகக் காட்டும் பல்கலைக்கழக அட்டவணைதான் ஐஜிபி. அதைப் படிக்கும் முன் உங்கள் புள்ளிக் கணக்கைச் சரியாகப் போட்டுவிடுங்கள்.

2026 சேர்க்கையிலிருந்து மொத்தம் 70 புள்ளி. மூன்று எச்2 (முழு அளவுப்) பாடங்களுக்குத் தலா 20, ஜிபி என்னும் பொதுத்தாளுக்கு 10. எச்2-இல் ஏ என்றால் 20, பி 17.5, சி 15. ஜிபிக்கு இவற்றில் பாதி. புராஜெக்ட் வொர்க்குக்குத் தேர்ச்சி உண்டா இல்லையா என்பது மட்டுமே, புள்ளி கிடையாது. இணையத்தில் இன்னும் 90க்குக் கணக்குப் போடும் பழைய பக்கங்கள் கிடக்கின்றன, அவற்றை நம்பவேண்டாம்.

நான்காவது பாடமான எச்1 (எச்2-இல் பாதி அளவு, அதனால் 10 புள்ளி), மொத்தத்தை உயர்த்தினால்தான் சேரும். எச்2-இல் ஏஏபி, ஜிபியில் பி என்றால் 66.25. எச்1-இல் ஏ வந்தால் 76.25ஐ 80ஆல் வகுத்து 70ஆல் பெருக்க வேண்டும்: 66.72. சிறிய ஏற்றம்தான், ஆனால் எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு அது பெரிது. அதே எச்1-இல் பி என்றால் 65.63க்கு இறங்கிவிடும், அதனால் சேர்க்கமாட்டார்கள். எச்1 தமிழுக்கும் இதே விதி. நான்காவது பாடம், தமிழ் இரண்டிலும் ஏ இருந்தால் 67.08. தமிழை ஒப்புக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் கட்டாயம் போட்டுக் காட்டுங்கள்.

அடுத்து ஐஜிபி. முந்தைய ஆண்டு இடம் பெற்றவர்களின் 10ஆவது, 90ஆவது சதமான நிலைகளை (இடம் பெற்றவர்களில் 10%, 90% பேர் அந்த நிலையிலோ அதற்குக் கீழோ இருப்பார்கள்) பல்கலைக்கழகங்கள் வெளியிடுகின்றன. 10ஆவது சதமானத்தை 'கட் ஆஃப்' என்று எடுத்துக்கொள்வதுதான் அதிகம் நடக்கும் தவறு. அதற்குக் கீழே இருந்தும் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். இன்னொரு பக்கமும் உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை: அட்டவணையில் இருப்பது இடம் கிடைத்தவர்கள் மட்டும். அதே மார்க்கோடு விண்ணப்பித்து எத்தனை பேர் திரும்பினார்கள் என்பது அதில் தெரியாது. எனவே 10ஆவது சதமானத்தைத் தொட்டுவிட்டோம் என்று நிம்மதியடைய முடியாது.

என்யுஎஸ் மருத்துவம், சட்டம் இரண்டிலும் அட்டவணையின் இரு சதமானங்களிலும் எச்2-இல் மூன்று ஏ-தான் இருந்து வந்திருக்கிறது. அங்கே மார்க் வாசல்வரை கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். சட்டத்துக்கு எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு. என்டியு (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) மருத்துவத்துக்கு யூகேட் என்னும் நுழைவுத் தேர்வு எழுதவேண்டும். அதற்கு ரிசல்ட் வரும்வரை காத்திருந்தால் நேரம் தப்பிவிடும். மருத்துவத்துக்கு எச்2 வேதியியலோடு உயிரியல் அல்லது இயற்பியல் வேண்டும். இந்தப் பாடக் கூட்டணி இல்லாவிட்டால் எத்தனை ஏ வாங்கினாலும் பயனில்லை. ஜேசி (தொடக்கக் கல்லூரி) முதலாண்டில் பாடம் எடுக்கும்போதே பார்க்கவேண்டிய விஷயம் இது.

பாலிடெக்னிக் மாணவர்களுக்குத் தனி அட்டவணை, 4க்கு ஜிபிஏ (சராசரிப் புள்ளி). அதை ஏ லெவல் அட்டவணையோடு ஒப்பிட்டு மனம் தளரவேண்டாம்.

பிரிலிம் (ஏ லெவலுக்கு முன் பள்ளி நடத்தும் தேர்வு) மார்க்கை வைத்துக் கணிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பல ஜேசிக்களில் பிரிலிம் வேண்டுமென்றே கடினமாக இருக்கும், ஆனால் எவ்வளவு கடினம் என்பது பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். தோழியின் பள்ளியில் 'சி' வாங்கியவர் 'ஏ' ஆனார் என்பது உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாது. முந்தைய ஆண்டுகளில் பிரிலிமில் இதே நிலையில் இருந்தவர்கள் ஏ லெவலில் என்ன வாங்கினார்கள் என்று பாட ஆசிரியரிடமும் ஈசிஜி (கல்வி, வேலை வழிகாட்டி) ஆலோசகரிடமும் நேராகக் கேளுங்கள்.

விருப்ப வரிசையில் முதலில் உண்மையாகவே விரும்பும் படிப்பு, அது எட்டாத உயரமாகத் தெரிந்தாலும். நடுவில் உங்கள் மார்க் இரு சதமானங்களுக்கும் இடையில் விழுபவை. கடைசியில் 90ஆவது சதமானத்தை ஒட்டி நீங்கள் நிற்கும் ஒன்றாவது இருக்கட்டும், ஆனால் கிடைத்தால் மனமாரப் படிக்கக்கூடியதாக மட்டும்.