மாடலில் 600, சைட்டில் 750

இரண்டாம் தளத்து காரிடாரில் ஃபால்ஸ் சீலிங்கின் கடைசிப் பலகையை நேற்று மாலைதான் மாட்டினார்கள். அண்ணாந்து பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனைக் கட்டடம். தரைத்தளம், மேலே ஐந்து தளங்கள். ஏசி, எலெக்ட்ரிக்கல், பிளம்பிங், தீயணைப்பு எல்லாவற்றையும் பிம் மாடலில், அதாவது கணினியில் கட்டும் முப்பரிமாணக் கட்டடத்தில், ஒருங்கிணைப்பது என் பொறுப்பு. ரெவிட் மென்பொருளில் அதை எப்படி வரைவது என்று இங்கே எழுதப்போவதில்லை. எங்கெங்கே அடிபட்டோம் என்பதை மட்டும் எழுதுகிறேன், அடுத்து இறங்குகிறவர்களுக்கு உதவும்.

ஆரம்பக் கூட்டம், லைசென்ஸ், ஆர்க்கிடெக்ட் மாடல் எல்லாம் சொன்ன தேதியில் நடந்தன. தூண், பீம், ஸ்லாப் இருக்கும் ஸ்ட்ரக்சர் மாடல் மட்டும் வரவில்லை. மூன்று வாரம் போனில் கேட்டுச் சலித்து, இரவு சேரன் எக்ஸ்பிரஸ் பிடித்து சென்னைக்கே போய்விட்டேன். ஸ்ட்ரக்சர் கன்சல்டண்ட் ஆபீஸில் பதினொரு மணி வரை காத்திருந்து, பென்டிரைவில் ஃபைலை வாங்கி, அங்கேயே லேப்டாப்பில் திறந்தால் திறக்கவில்லை. அவர்கள் ரெவிட் 2024, நாங்கள் 2022. புதிய வெர்ஷனில் சேமித்ததைப் பழைய வெர்ஷனில் திறக்க வழியே கிடையாது, கீழிறக்கிச் சேமிக்கவும் முடியாது. வெவ்வேறு மென்பொருள்களும் படிக்கும் பொது ஃபார்மட்டான ஐ.எஃப்.சி.யாக மாற்றித் தரச் சொன்னேன். அதைப் போடுகிற பையன் அன்று லீவு. வெறுங்கையோடு திரும்பினேன். இரண்டு நாள் கழித்து ஐ.எஃப்.சி. மெயிலில் வந்தது. கிளாஷ், அதாவது ஒன்றோடொன்று இடிக்கும் இடங்களைப் பார்க்க அதுவே போதும். இதை முதலிலேயே கேட்டிருந்தால் பயணம் மிச்சம். எந்த வெர்ஷன், எந்த ஃபார்மட், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை பிம் எக்ஸிகியூஷன் பிளான் என்ற வேலைத் திட்ட ஆவணத்தில் எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிய பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

மாடல்களை நேவிஸ்வொர்க்ஸ் என்ற மென்பொருளில் சேர்த்து முதல் கிளாஷ் டெஸ்ட் ஓட்டியபோது எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. பயந்துவிட்டோம். குறுக்குவெட்டு போட்டுப் பார்த்ததும் விஷயம் தெரிந்தது: டைல்ஸ் அடுக்கு கான்கிரீட்டுக்குள் புதைந்திருந்தது. ஆர்க்கிடெக்டுக்குப் பூஜ்யம் லெவல் என்றால் டைல்ஸ் மேல்மட்டம். ஸ்ட்ரக்சர்காரருக்கு ஸ்லாப் மேல்மட்டம். நடுவில் 75 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒவ்வொரு அறையிலும் பொய்க் கிளாஷ் வந்தது இதனால்தான். அதைவிட ஆபத்து வேறு. பீம்கள் எல்லாம் மாடலில் 75 மி.மீ. கூடுதல் உயரத்தில் நின்றன, சீலிங்குக்கு மேல் இல்லாத இடம் இருப்பதுபோல் காட்டின. ஏ-1 கிரிட் (தூண் வரிசைக் கோடுகள்) சந்திப்பில், ஸ்லாப் மட்டத்தில் ஒரு சின்ன கட்டையை எல்லாரும் தங்கள் மாடலில் போட வேண்டும் என்று விதி வைத்தோம். எல்லாக் கட்டையும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

அப்புறம் வந்ததுதான் பெரிய அடி.

இரண்டாம் தளம் ஆபரேஷன் தியேட்டர் பகுதி. அந்த காரிடாரில் 600-க்கு 400 மி.மீ. டக்ட் (ஏசி காற்றுக் குழாய்) போவதாக இருந்தது. கணக்கு எனக்கு இன்னும் மனப்பாடம். ஸ்லாபுக்கு ஸ்லாப் 3,900. பீம் ஆழம் 600 போனால் 3,300. சீலிங் 2,700, டைல்ஸ் தடிமன் 75 சேர்த்தால் 2,775. மிச்சம் 525. இன்சுலேஷனோடு டக்ட் 450. சீலிங் ஃபிரேமுக்கு 75. மாடலில் பச்சை, கிளாஷ் இல்லை. டக்ட் தயாராகி சைட்டுக்கும் வந்துவிட்டது.

அன்று காலை டக்ட் மாட்டுகிற ஃபோர்மேன் கீழே வந்து சொன்னார்: "ஏனுங்க சார், டேப்பு போட்டுப் பார்த்துட்டனுங்க. சீலிங் கோட்டுக்கு மேல பதினஞ்சு இஞ்சுகூட வரலைங்க."

நம்பாமல் நானே ஏணியில் ஏறி அளந்தேன். பீமின் அடி 3,150-இல் நின்றது. மாடலில் 600 இருந்த பீம் சைட்டில் 750. மூன்றாம் தளத்தில் கேஸ் ஷீட் அடுக்கும் காம்பாக்டர் ரேக் வரப்போகிறது என்று மருத்துவமனை நடுவில் முடிவு செய்திருக்கிறார்கள். சுமை கூடியதால் கன்சல்டண்ட் பீமை ஆழமாக்கி ஆர்-3 (மூன்றாம் ரிவிஷன்) டிராயிங் போட்டிருக்கிறார். அந்த பி.டி.எஃப். வாட்ஸ்அப்பில் நேராக சைட் இன்ஜினியருக்குப் போயிருக்கிறது. கம்பி கட்டுகிறவர்கள் ஆர்-3 பார்த்துச் சரியாகவே கட்டியிருக்கிறார்கள். மாடல் ஆர்-2-லேயே நின்றுவிட்டது. டிராயிங்கும் மாடலும் எல்லாருக்கும் பொதுவான ஒரே கோப்புச் சேமிப்பிடம் வழியாகத்தான் போக வேண்டும் என்று 2018-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 19650 தரநிலை சொல்கிறது, எங்கள் ஒப்பந்தத்திலும் அந்த வரி இருந்தது. யாரும் கடைப்பிடிக்கவில்லை. நானும் ஸ்லாப் போடுவதற்கு முன் ரிவிஷன் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

பீமை வெட்ட முடியாது. தியேட்டருக்குப் போகும் காற்றைக் குறைக்க முடியாது. சீலிங்கை இறக்க மருத்துவமனை சம்மதிக்கவில்லை. 375-க்குள் அடக்க ஒரே வழி, டக்டை அகலமாக்கித் தட்டையாக்குவது: 1,000-க்கு 250. பரப்பளவு ஏறக்குறைய அதேதான், ஆனால் அகலம் ஆழத்தைப்போல் நான்கு மடங்கு; அதைத் தாண்டினால் ஏசிக்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை. ஃபேன் பிரஷர் போதுமா என்று மறுபடி கணக்குப் போட்டு வாங்கினோம். இன்சுலேஷனோடு 300, ஃபிரேமுக்கு அதே 75. அகலத்துக்கு இடம் விட கேபிள் டிரேயையும் ஸ்பிரிங்க்ளர் பைப்பையும் எதிர்ச் சுவர்ப் பக்கம் தள்ளினோம். இந்த மாற்றத்தை மாடலில் நகர்த்திப் பார்க்க ஒரு மதியம்தான் ஆனது. 2டி டிராயிங்கில் ஒரு வாரம் போயிருக்கும். பழைய டக்ட் அத்தனையும் வீண், புதிதாகச் செய்து வர பதினெட்டு நாள்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்தோம். சென்டரிங் (கான்கிரீட்டுக்குப் பலகை அடிப்பது) தொடங்க பத்து நாளுக்கு முன் அந்தத் தளத்து மாடலை ஃப்ரீஸ் செய்கிறோம், அதாவது இனி மாற்றமில்லை என்று பூட்டுகிறோம். ஸ்லீவ் (பைப் நுழைய கான்கிரீட்டுக்குள் முன்கூட்டியே வைக்கும் குழாய்த் துண்டு) டிராயிங்கின் மேல் மூலையில் ஸ்ட்ரக்சர் ரிவிஷன் எண் அச்சாகிறது. கம்பி ஃபோர்மேன் கையில் இருக்கும் தாளின் எண்ணும் அதுவும் ஒன்றாக இல்லாவிட்டால் கான்கிரீட் கிடையாது. சென்டரிங் பிரித்த மறுநாளே லேசரில் பீம் அடியை அளந்து மாடலோடு ஒப்பிடுகிறோம். கிளாஷ் டெஸ்டை முதலில் கழிவுநீர்ப் பைப்புக்கு ஓட்டுங்கள். சாய்வு வேண்டிய பைப் யாருக்கும் வளைந்துகொடுக்காது. இன்சுலேஷனை மாடலில் போடச் சொல்லுங்கள், வெறும் டக்டை நம்பாதீர்கள்.

நான்காம் தளத்துக்கு மேல் வரும் ஸ்லாப், மறுநாள் காலை ஆறு மணிக்கு கான்கிரீட். மாலையில் பிளம்பிங் ஃபோர்மேன் டேப்லெட்டோடு பலகைமேல் நடந்துகொண்டிருந்தார். 110 மி.மீ. பைப்புக்கு 160 மி.மீ. ஸ்லீவ், நூற்றுக்கு ஒன்று சாய்வு. நான்கு மீட்டர் தள்ளியிருக்கும் அடுத்த பீமில் ஸ்லீவ் 40 மி.மீ. கீழே இருக்க வேண்டும். பிளானில் பார்த்தால் எல்லா ஸ்லீவும் ஒரே கோடுதான், உயரம் தெரியாது. அவர் குனிந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்: "சார், இங்க வாங்க. இது ரெண்டும் ஒரே மட்டத்துல கட்டியிருக்குதுங்க." டார்ச் அடித்துப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. கம்பியை நெகிழ்த்தி, ஸ்லீவை இறக்கிக் கட்ட இருபது நிமிடம் ஆனது. மறுநாள் கான்கிரீட் ஆறு மணிக்கே விழுந்தது.

மொட்டை மாடி ஸ்லாபின் மாடல் வரும் வியாழக்கிழமை ஃப்ரீஸ் ஆகிறது. அங்கே தண்ணீர்த் தொட்டியின் இடம் மாறலாம் என்று காதில் விழுந்தது. நாளை காலை முதல் போன் அதற்குத்தான்.