சமவெளியில் ஆப்பிரிக்கன் வயலட்: வெப்பநிலை பற்றிச் சில குறிப்புகள்

ஊட்டிக்குப் போய்வருபவர்கள் வர்க்கியோடும் தைலத்தோடும் சேர்த்து வாங்கிவருகிற செடிகளில் ஆப்பிரிக்கன் வயலட்டும் ஒன்று. உள்ளங்கையில் அடங்கும் சிறு தொட்டி, பூனைமயிர் போன்ற மென்ரோமம் படர்ந்த இலைகள், நடுவில் கொத்தாக நீலமும் ஊதாவுமான பூக்கள் என்று பார்த்தவுடன் ஆசை வந்துவிடும். கோவைக்கு வந்த பிறகு மொட்டுகள் ஒவ்வொன்றாகக் கருகும். கோடை முடிவதற்குள் குருத்து அழுகிச் செடியும் போய்விடும். இது மலைச்செடி, கீழே வராது என்று சொல்லித் தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி என்பது கோவையில் இதை வளர்த்துவரும் என் எண்ணம்.

இதன் சொந்த ஊர் கிழக்கு ஆப்பிரிக்கா; தான்சானியாவின் உசாம்பரா மலைகளும் அவற்றை ஒட்டிய பகுதிகளும். ஜெர்மானியர் ஆட்சிக்காலத்தில் அங்கே அதிகாரியாக இருந்த வால்டர் ஃபான் செயின்ட் பால் என்பவர் இதைக் கண்டு ஜெர்மனியிலிருந்த தம் தந்தைக்கு அனுப்ப, அவர் வழியாக அது ஹனோவர் தோட்டத்தின் ஹெர்மன் வென்ட்லாண்டிடம் போய்ச் சேர்ந்தது. 1893இல் அவர் இதற்குச் செயின்ட்பாலியா என்று பெயரிட்டார். இந்தச் செடிகள் மரநிழலில், நீரோடை ஓரத்துப் பாறைகளின் பாசியைப் பற்றிக்கொண்டு வளர்பவை. இவற்றில் சில கடற்கரையை அடுத்த தாழ்ந்த பகுதிகளிலும் இருக்கின்றன. ஆகவே உயரம் இதற்குக் கட்டாயமில்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகில், அடர்ந்த மரங்களின் அடியில், வெப்பம் சட்டென்று ஏறி இறங்காத இடம் என்பதே முக்கியம். நம் வீட்டில் அமைத்துத் தர வேண்டியதும் அதுதான்.

எண்ணாகச் சொன்னால், 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை இதற்கு மிகவும் உகந்தது. பதினைந்துக்குக் கீழே போனால் வளர்ச்சி ஏறத்தாழ நின்றுவிடும். முப்பதைத் தாண்டி நீடித்தால் மொட்டுகள் விரியாமலே உதிரும். கோவையில் மார்கழியும் தையும் இந்தப் பதினைந்து, முப்பது எல்லைகளுக்குள் பெரும்பாலும் தாமாகவே அமைந்துவிடுகின்றன. ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் மாதங்களும் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. சிக்கல் மாசியின் பிற்பகுதியில் தொடங்கிச் சித்திரையில் உச்சத்துக்குப் போகிறது.

அந்த மாதங்களிலும் பகல் வெயிலைவிட இரவின் புழுக்கத்துக்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். பகலில் செடி வெளிச்சத்தைக் கொண்டு சர்க்கரை தயாரிக்கிறது. இரவில் அதைச் செலவழித்து உயிர்க்கிறது. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் இந்தச் செலவு ஏறக்குறைய இரட்டிக்கும். இரவு முழுதும் அறை முப்பது டிகிரியில் நின்றால், பகலில் சேர்த்தது விடிவதற்குள் கரைந்துபோக, பூவுக்கென்று மிச்சம் எதுவும் இருக்காது. பகலில் சன்னலைச் சாத்தித் திரையிடுகிற நாம், மாலையில் அதைத் திறந்துவிடவும் மறக்கக்கூடாது.

இடத்தேர்வில் மேற்குச் சுவரைத் தவிர்க்க வேண்டும். நண்பகலுக்கு மேல் வெயிலைக் குடித்த செங்கல் சுவர் அந்தச் சூட்டைப் பல மணி நேரம் கழித்து, இரவு எட்டு ஒன்பது மணிக்கு மேல், அறைக்குள் விடுகிறது. அதை ஒட்டிய அலமாரியில் இருக்கும் தொட்டி, அறையின் மற்றப் பகுதியைவிட வெம்மையில்தான் இரவைக் கழிக்கும். குளிர்சாதனப் பெட்டியின் மேல்தளமும் அப்படித்தான். அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் பதிந்துவைக்கும் சிறிய வெப்பமானி ஒன்றை வாங்கி, சுவரில் மாட்டாமல் இலைகளின் மட்டத்திலேயே வைத்து ஒரு நாள் முழுதும் பார்த்தால், எந்த மூலை நல்லது என்பது விளங்கிவிடும். என் வீட்டில் கிழக்குச் சன்னலிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளிய தரைமட்ட முக்காலி அப்படித்தான் அமைந்தது. வெப்பக்காற்று மேலே எழும் என்பதால் தரையை ஒட்டிய இடம் சற்றே குளிர்ந்திருக்கும்.

அடுத்தது தண்ணீர். இந்த இலைகளின் மேற்பரப்பில் வெளிர்மஞ்சள் வளையங்களும் வரிகளும் தோன்றினால் பலர் பூஞ்சை என்று மருந்து தெளிக்கிறார்கள். பெரும்பாலும் அது நோயே அன்று. இலையைவிட ஏறத்தாழ எட்டு டிகிரியோ அதற்கு மேலோ குளிர்ந்த நீர் பட்டால், மேல்தோலுக்கு அடியிலுள்ள செல்களில் பச்சையம் சிதைந்து அந்த இடம் வெளுத்துவிடுகிறது. நீர்த்துளி நின்ற வடிவமே வளையமாகப் பதிகிறது. அது பிறகு மறைவதில்லை. வெயில் படும் இலை காற்றைவிடச் சூடாக இருக்கும் என்பதால், நாம் சாதாரணம் என்று நினைக்கும் நீரும் அதற்குச் சில்லென்று படலாம். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நண்பகலில் வரும் கொதிநீரும் வேருக்கு ஆகாது. முதல்நாள் இரவே குவளையில் பிடித்துச் செடியின் அருகில் வைத்த நீரை, காலையில், இலையில் படாமல் மண்ணில் ஊற்றுவதே என் வழக்கம்.

கோடையில் செடிகள் மடிவது பெரும்பாலும் வெப்பத்தாலும் ஈரத்தாலும் சேர்ந்துதான். சூடேறிய நீரில் உயிர்வளி குறைவாகக் கரையும்; நனைந்து சூடான மண்ணில் வேர் மூச்சுமுட்டி அழுகத் தொடங்கும்; அழுகிய வேர் நீரை உறிஞ்சாததால் இலை துவளும். துவண்ட இலையைக் கண்டதும் நம் கை சொம்பைத் தேடும், அதோடு கதை முடியும். தொட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள்: கனமாக இருந்து இலை துவண்டிருந்தால் தேவை நீரன்று, குளிர்ச்சி. தென்னைநார்த்தூளோடு பெர்லைட்டை (எரிமலைப் பாறையைச் சூட்டில் பொரித்த, எடையற்ற வெண்குருணை) தாராளமாகக் கலந்த இலேசான கலவையில் இந்தத் தொல்லை குறையும். அந்த மாதங்களில் உரத்தையும் நிறுத்திவிடலாம்.

மெருகு பூசாத மண்தொட்டியையோ ஈரமணல் தட்டையோ நம்பிக் குளிர்விக்கலாமா என்றால், அது ஊரைப் பொறுத்தது. கோவையின் பங்குனிப் பிற்பகல் காற்று உலர்ந்தது. நீர் விரைவில் ஆவியாகி நன்றாகவே குளிர்விக்கும். சென்னையின் ஈரக்காற்றில் அந்தப் பலன் சொற்பம். அங்கே ஏசி அறைதான் வழி. ஏசியை 24, 25இல் வைத்தால் போதும், ஆனால் அதன் காற்று நேராக இலையில் விழக்கூடாது.

குளிர் மிகுந்தால் நடுக்குருத்தின் இலைகள் நெருங்கி இறுகும், ஓரங்கள் கீழ்நோக்கிச் சுருளும். ஊட்டியின் தைமாத இரவில் திறந்தவெளியில் வைத்தால் இதுவும் தாங்காது. அங்கும் இதைப் பசுமைக்குடிலில்தான் காக்க வேண்டும். இலையோரம் வெள்ளையாக இருக்கும் வகைகளை வளர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். குளிர்ந்த மாதங்களில் விடும் இலைகளில் வெள்ளை கூடியும், கோடையில் விடும் இலைகளில் பச்சை ஏறியும் இருக்கும். ஒரே செடியின் இலையடுக்கைப் பார்த்தே கடந்த மாதங்களின் வெப்பத்தை ஓரளவு சொல்லிவிடலாம்.

எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் ஒரு கடுங்கோடை செடியைக் கொண்டுபோகலாம். அதனால் கார்த்திகை வாக்கில் நன்கு முற்றிய இலை ஒன்றைக் காம்போடு ஒடித்து, காம்பைச் சாய்வாக வெட்டி, ஈரநார்த்தூளில் ஊன்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்துவிடுகிறேன். இரண்டு மூன்று மாதங்களில் காம்படியிலிருந்து எலிக்காது அளவில் குட்டிகள் எட்டிப்பார்க்கும். சூடு ஏறுவதற்கு முன்பே அவை சொந்த வேர் பிடித்துவிடும். குட்டிகளை மட்டும் மாசி தொடங்கும்போதே பிரித்து வைத்துவிட வேண்டும். பங்குனியில் வேரைக் கலைத்தால் பிழைப்பது அரிது.