கொட்டம்பா இலையோடு ஓர் இலையுதிர்காலம்

ஐப்பசி பிறந்தால் போதும், ரொறொன்ரோவில் இருக்கும் தங்கச்சி தன் பிள்ளைகள் மேப்பிள் இலையில் செய்ததையெல்லாம் வட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கிவிடுவாள். அதைப் பார்த்து என் வீட்டிலும் இரண்டு பேருக்கு ஆசை வந்துவிட்டது. மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு நாலு. கொழும்பு வெள்ளவத்தையில் மேப்பிளுக்கு எங்கே போவது? ஆனால் கடற்கரைப் பக்கம் கொட்டம்பா மரம் (நாட்டு வாதுமை) இருக்கிறதே. எல்லா இலையும் ஒரே நேரத்தில் கொட்டாவிட்டாலும், கீழே நன்றாகச் சிவந்த நாலைந்து எப்போதும் கிடக்கும். அதிலிருந்தே தொடங்கினோம்.

முதலில் இலைப்பதிவு. சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை என்பேன். இலையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். நரம்புகள் புடைத்திருப்பது அடிப்பக்கத்தில்தான். மேலே மெல்லிய தாள். கிரேயோனின் பேப்பரை உரித்துவிட்டு, நுனியால் இல்லாமல் படுக்கப்போட்டுத் தேய்த்தால் ஒவ்வொரு நரம்பாக எழும்பி வரும். மகள் "அம்மா, இலை வருது!" என்று கத்தினாள். பிரிஸ்டல் போட்டில் இது சரிவராது, தடிப்பு கூட. சாதாரண போட்டோகொப்பித் தாள் போதும். இலையின் காம்பை வெட்டிவிட்டு, ஓரத்தில் துளி செலோடேப் ஒட்டினால் நகராது. கொட்டம்பா இலை பெரிது, நரம்பும் தடிப்பு, அதனால் நாலு வயதுக் கைக்கும் பிடிபடுகிறது. வேப்பிலையையும் முயன்றோம்; அது பொறுமைசாலிகளுக்கு.

அடுத்தது வான்கோழி. கனடாவில் ஒக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை நன்றி நவிலல் நாள். அதற்குப் பிள்ளைகள் தங்கள் கையைத் தாளில் வைத்துச் சுற்றி வரைவார்கள். பெருவிரல் தலை, மற்ற நாலு விரலும் வால். நேரில் வான்கோழியே பார்த்திராத என் பிள்ளைகளுக்கு அது மயிலாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் மயிலுக்குத்தான் அது பொருத்தம். பெருவிரலின் நீளம் அப்படியே மயில் கழுத்து. நீலமும் பச்சையும் அடித்து, விரல் நுனிகளில் பொட்டு வைத்தார்கள். கந்தசஷ்டி வரும் நேரம் என்பதால் மகன் ஒரு வேலும் வேண்டுமென்றான். பால்மா பைக்கற்றின் உட்புறம் வெள்ளி நிறத்தில் மினுங்கும் அல்லவா, அதைக் கழுவித் துடைத்து வெட்டி ஒட்டினோம். இப்போது அந்த மயில் சாமித்தட்டில் இருக்கிறது. அம்மம்மா எடுக்க விடுகிறா இல்லை.

இலை விளக்குக்குத்தான் அதிகம் மினக்கெட்டோம். ஜாம் போத்தலைச் சுற்றி, வெசாக் பண்டிகைக்குத் தொங்கவிடும் விளக்குக் கூட்டுக்கு ஒட்டுவது போன்ற மெல்லிய ரிஷூ பேப்பரைத் துண்டு துண்டாக ஒட்டி, அதன் மேல் காய்ந்த இலையை வைத்து, தண்ணீர் கலந்த பைண்டர் கம்மை இன்னொரு தடவை பூச வேண்டும். சிக்கல் காயவைப்பதில்தான். இந்த மாதங்களில் கொழும்பில் காலையில் வெயில் அடிக்கும், பின்னேரம் இடியும் மழையும். கொப்பிக்குள் வைத்த கொட்டம்பா இலையில் பூஞ்சணம் பிடித்தது. பழைய பத்திரிகைத் தாள்களுக்கு நடுவில் வைத்து, தாளைத் தினமும் மாற்றியபோது கொஞ்சம் பரவாயில்லை. எப்படி வைத்தாலும் சிவப்பு மங்கிக் கபிலமாகிறது. கனத்த இலை வளைவில் ஒட்டிக்கொண்டு நிற்கவும் மாட்டாது. அதனால் விளக்குக்கு ஆல மரத்துப் பிஞ்சு இலையும் வேப்பிலையும் எடுத்தோம். உள்ளே மெழுகுதிரி வேண்டாம், பற்றரியில் எரியும் குட்டி விளக்கே போதும். சுற்றி இருப்பது பேப்பர், பக்கத்தில் இருப்பது நாலு வயது.

ஹலோவீனுக்குப் பூசணிக்காயைக் குடையும் யோசனையை நான் எடுக்கவே இல்லை. கூரான கத்தியோடு செய்யும் வேலை, பிள்ளைகள் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பூசணி கறியானது. விதையைக் கழுவி, காலை வெயிலில் உலர்த்தி, பூ வடிவில் ஒட்டக் கொடுத்தேன். மகன் உடனே அலுத்துவிட்டான். மகள் மட்டும் ஒட்டிக்கொண்டே இருந்தாள்.

கார்த்திகை விளக்கீட்டுக்கு இன்னும் சில ஜாம் போத்தல்கள் சேர்க்க வேண்டும். அயலவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சவுக்கங்காய் கிடைத்தால் நூலில் கோத்து மாலை செய்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். அதற்குத் துளைபோடும் வேலை மட்டும் என்னுடையது.