காந்த நடுக்கோட்டுப் பக்கத்தில் 28 மெகாஹெர்ட்ஸ்: டெல்டாவில் பேண்ட் எப்போது திறக்கும்?

28 மெகாஹெர்ட்ஸ் என்பது ஹாம்கள், அதாவது உரிமம் பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரர்கள், பேசும் அலைவரிசைகளில் (பேண்ட்) ஒன்று. தொலைதூர நிலையங்கள் அதில் கேட்கத் தொடங்குவதைத்தான் பேண்ட் திறப்பது, ஓப்பனிங் என்கிறோம். ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் எழுதிய பேண்ட் ஓப்பனிங் குறிப்புகளை வைத்துக்கொண்டு தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ 28 மெகாஹெர்ட்ஸைக் கேட்டால் பாதிதான் பொருந்தும். மே முதல் ஜூலை வரை ஸ்போராடிக்-இ (வானில் திடீரெனத் தோன்றி அலையைத் திருப்பும் அடர்ந்த அயனி மேகம்) வரும், 1,500 கிலோமீட்டர் தூரத்துக்குத் தினமும் பேசலாம் என்று அதில் இருக்கும். நமக்கு அந்தப் பருவம் அப்படி வருவதில்லை, ஏனென்றால் நம் தலைக்கு மேலே இருக்கிற, ரேடியோ அலையைப் பூமிக்குத் திருப்பும் அயனி மண்டலமே வேறு மாதிரி. பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோடான காந்த நடுக்கோடு திருநெல்வேலியை ஒட்டிப் போகிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ராக்கெட்டை ஏவ தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கும் இந்தக் கோடுதான் காரணம். டெல்டா அதற்கு வடக்கே சுமார் இரண்டு பாகை தள்ளி இருக்கிறது.

பகலில் காந்த நடுக்கோட்டுக்கு மேலே எலக்ட்ரான்கள் உயரத் தூக்கப்படுகின்றன. அவை அங்கேயே நிற்பதில்லை. காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் சரிந்து, வடக்கிலும் தெற்கிலும் சுமார் 15 காந்தப் பாகையில் குவிகின்றன. வடக்குக் குவியல் ஏறத்தாழ அகமதாபாத், போபால், கொல்கத்தா வரிசையில் இருக்கும். அயனிச் செறிவு அதிகம் என்பதால் அதிகபட்ச அதிர்வெண்ணைத் திருப்பி அனுப்பும் இடமும் அதுதான். தஞ்சாவூரிலிருந்து வடக்கே கிளம்பும் அலை சுமார் 1,500 கிலோமீட்டரில் அயனி மண்டலத்தின் மேலடுக்கான எஃப்2-ஐத் தொட்டால், தொடும் இடம் சரியாக அந்தக் குவியலாக இருக்கும். அங்கிருந்து இறங்கினால் மத்திய ஆசியா. கிழக்கு-மேற்குப் பாதைகள் மூடிய பிறகும் ரஷ்யா, கஜகஸ்தான் பக்கத்து நிலையங்கள் இங்கே கேட்டுக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான். சூரியன் எவ்வளவு துடிப்பாக இருக்கிறது என்று காட்டும் சூரிய ஃப்ளக்ஸ் எண்ணைப் பார்த்து மட்டும் ரேடியோவை அணைத்துவிடக் கூடாது என்று சொல்வதற்கும் இதுவே காரணம். கனடாவில் 1947 முதல் அளக்கப்பட்டு வரும் அந்த 10.7 செ.மீ. அலைநீள எண் 100 என்ற சுமாரான அளவில் நிற்கும் நாளிலும் நமக்கு வடக்கு-தெற்குப் பாதை திறக்கக்கூடும்.

பேண்ட் ஒரே நொடியில் திறப்பதில்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் படிப்படியாக வருவதுபோல 14, 18, 21, 24 என்று ஏறித்தான் வரும், 28 மெகாஹெர்ட்ஸ் கடைமடை. அதனால் காலையில் 28-இல் இரைச்சலை மட்டும் கேட்டுவிட்டு முடிவு செய்யாமல், 21.150-இல் தொடங்கி 24.930, பிறகு 28.200 என்று ஏறுங்கள். இந்த மூன்றோடு 14.100, 18.110 ஆகிய அதிர்வெண்களிலும் உலகம் முழுக்க 18 பீக்கன்கள் (தானாகவே அடையாள சிக்னல் அனுப்பும் நிலையங்கள்) முறை வைத்து ஒலிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி, ஒரு முழுச் சுற்றுக்கு 3 நிமிடம். அழைப்புக்குறியை நிமிடத்துக்கு 22 சொல் வேக மோர்ஸில் அனுப்பிவிட்டு, ஒரு விநாடி நீளமுள்ள நான்கு கோடுகளை அனுப்பும். முதல் கோடு 100 வாட், அடுத்தது 10, பிறகு 1, கடைசியாக 0.1 வாட். நான்காவது கோடும் காதில் விழுந்தால் பாதை அகலமாகத் திறந்திருக்கிறது, உங்கள் 10 வாட்டும் ஒரு கம்பியும் போதும். முதல் கோடு மட்டும் மங்கலாகக் கேட்டால் எஸ்எஸ்பி-யில் (குரலில் பேசும் முறை) கத்திப் பயனில்லை, மோர்ஸ் அல்லது கணினி வழியே எழுத்து அனுப்பும் எஃப்டி8-க்குப் போகலாம்.

மோர்ஸ் தெரியாதவர்கள் கடிகாரத்தை வைத்தே அடையாளம் காணலாம். சுற்று ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலிருந்து மூன்று மூன்று நிமிடமாக ஓடுகிறது. நம் நேரத்துக்கும் உலக நேரத்துக்கும் உள்ள ஐந்தரை மணி வித்தியாசம் மூன்று நிமிடத்தால் மீதியில்லாமல் வகுபடுவதால் நம் கடிகாரமே போதும், விநாடி மட்டும் சரியாக இருக்க வேண்டும். 28.200-இல் நமக்கு வேண்டியவை எல்லாம் சுற்றின் பின்பாதியில் வரிசையாக வருகின்றன. 1 நிமிடம் 30 விநாடிக்கு ஆஸ்திரேலியாவின் பெர்த், 1:40-க்கு ஜப்பான், 1:50-க்கு நோவோசிபிர்ஸ்க், 2:00-க்கு ஹாங்காங், 2:10-க்கு கொழும்பு, 2:20-க்கு தென்னாப்பிரிக்கா, 2:30-க்கு கென்யா, 2:40-க்கு இஸ்ரேல், 2:50-க்கு பின்லாந்து. முன்பாதியில் பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்கள். சில பீக்கன்கள் பழுதாகி மாதக்கணக்கில் ஒலிக்காமல் இருப்பதுண்டு. ஒன்று கேட்கவில்லை என்பதற்காக அந்தத் திசையே மூடியிருக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

கொழும்பின் 4எஸ்7பி பீக்கனைத் தனியாகச் சொல்ல வேண்டும். தஞ்சாவூரிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 430 கிலோமீட்டர்தான். 28 மெகாஹெர்ட்ஸில் அது ஸ்கிப் வளையத்துக்குள் (திரும்பி இறங்கும் அலை தாண்டிப் போய்விடும் பக்கத்துப் பகுதி) விழுவதால் எஃப்2 வழியே நேராகக் கேட்காது. பலமாக, தெளிவாகக் கேட்டால் நடுவே அடர்த்தியான ஸ்போராடிக்-இ மேகம் இருக்கிறது என்று பொருள். அந்தக் குறுகிய தூரத்துக்கு அலையைத் திருப்ப மேகம் செங்குத்தாகத் திருப்பி அனுப்பும் உச்ச அதிர்வெண் 13 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு உயர வேண்டும், அது அடிக்கடி நடக்காது. மங்கலாக, கரகரப்பாகக் கேட்டால் தூரத்தில் பட்டுச் சிதறித் திரும்பும் சிக்னல். அப்படியானால் பேண்ட் ஏதோ ஒரு திசையில் நன்றாகத் திறந்திருக்கிறது, தேடுங்கள்.

சூரியச் சுழற்சி உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் நேர ஒழுங்கு பெரும்பாலும் இப்படி இருக்கும். காலை எட்டு மணி முதல் ஜப்பான், ஹாங்காங், ஆஸ்திரேலியா. மதியத்துக்குப் பின் வளைகுடா, கிழக்கு ஆப்பிரிக்கா. மாலையில் ஐரோப்பா, இருட்டிய பின்னும் சில மணி நேரம். பங்குனி, சித்திரையும் புரட்டாசி, ஐப்பசியும் சிறந்த மாதங்கள். காந்தப்புயல் வந்தால் முதலில் காணாமல் போவது பின்லாந்து. தென்னாப்பிரிக்காவும் பெர்த்தும் அப்போதும் வந்துகொண்டிருக்கும்.

28-க்குக் கீழே இருக்கும் 27 மெகாஹெர்ட்ஸ் சிட்டிசன் பேண்ட், பேண்ட் திறப்பதை முன்கூட்டிச் சொல்லும் நல்ல காவலாளி. அமெரிக்காவில் 1958 வரை அது ஹாம்களின் 11 மீட்டர் பேண்டாக இருந்தது. பிறகு பொதுமக்களுக்கு 23 சேனல்களாகத் திறந்து, 1977-இல் 40 சேனலாக்கினார்கள். சக்தி வரம்பு ஏஎம்-இல் 4 வாட், எஸ்எஸ்பி-யில் 12 வாட். பக்கத்துத் தெருவோடு பேச வாங்கிய பெட்டியில் 1979-லும் 1989-லும் சூரிய உச்சம் வந்தபோது கடல் கடந்த குரல்கள் கேட்டன. ஸ்கிப் என்ற சொல் லட்சக்கணக்கானோருக்கு அறிமுகமானது அப்படித்தான். 250 கிலோமீட்டருக்கு மேல் பேசக் கூடாது என்ற அமெரிக்கத் தடை 2017-இல்தான் நீக்கப்பட்டது. உலகம் முழுக்கப் பல ஹாம்கள் தூரத் தொடர்பின் ருசியை முதலில் கண்ட இடம் 27 மெகாஹெர்ட்ஸ் என்பதால், அதை ஏளனமாகப் பேசும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை.

இந்தியாவில் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்குள், பெட்டியோடு சேர்ந்த ஆன்டெனா என்றால் உரிமம் வேண்டாம் என்று 2005-இல் விதி வந்தது. 40 சேனல் பெட்டியில் 1 முதல் 27 வரைதான் இந்த எல்லைக்குள் வரும். மாடியில் கம்பி கட்டி 5 வாட்டை ஏற்றினால் விலக்கு பொருந்தாது. வெளிநாட்டு 11 மீட்டர்க்காரர்கள் கூடும் 27.555 நம் எல்லைக்கு வெளியே இருப்பதால் கேட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் கேட்பதே பெரிய உதவி. ரிசீவரை ஏஎம்-இல் வைத்து மாலையில் மூன்று இடங்களைத் தொடுங்கள். 27.135-இல் ரஷ்ய லாரி ஓட்டுநர்கள், 27.180-இல் போலந்து லாரிகள், 27.185-இல் மற்ற நாட்டவர்களின் 19-ஆம் சேனல். போலந்தில் அதிர்வெண்கள் 5-க்குப் பதில் 0-வில் முடிவதால், 5 கிலோஹெர்ட்ஸ் கீழே கேட்கும் பேச்சே ஊரைச் சொல்லிவிடும். இவை கேட்கத் தொடங்கி 28.200 இன்னும் மௌனமாக இருந்தால் காத்திருப்பது வீண் போகாது.

சூரியன் மறைந்தபின் ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை, அதிலும் பங்குனி, புரட்டாசி மாதங்களில், சிக்னல் பலமாக இருந்தும் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல நடுங்கும். ரேடியோ பழுது என்று பெட்டியைத் திறக்க வேண்டாம். அந்த நேரத்தில் காந்த நடுக்கோட்டு எஃப் அடுக்கு குமிழ் குமிழாக உடைகிறது, அலை பல துண்டுகளாக வந்து சேர்கிறது. எஃப்டி8-இல் இது நன்றாகத் தெரியும்: திரையில் கோடு தடிமனாக இருக்கும், எழுத்து வராது. அதன் தொனிகளுக்கு இடையே 6.25 ஹெர்ட்ஸ்தான் இடைவெளி, நடுக்கம் அதைவிட விரிந்தால் மென்பொருளால் பிரிக்க முடியாது. சக்தியைக் கூட்டுவதால் பயனில்லை. மோர்ஸுக்கு மாறினால் ஒலி கரகரப்பாக இருந்தாலும் காது பிரித்துவிடும்.

ஆன்டெனாவில் டெல்டாவுக்கு ஒரு நல்ல வசதி உண்டு. தஞ்சாவூரிலிருந்து, வடக்கை 0 என்று கொண்டால், லண்டன் 321 பாகை, பெர்த் 142 பாகை, ஏறக்குறைய நேர் எதிரெதிர். டோக்கியோ 55, ஜோகன்னஸ்பர்க் 232, அவையும் எதிரெதிர். ஆகவே வடகிழக்கு-தென்மேற்காக இழுத்த ஒரு டைப்போல் (நடுவில் கேபிள் இணைத்த இரு கைக் கம்பி ஆன்டெனா) தன் பக்கவாட்டில் இருக்கும் ஐரோப்பாவையும் ஆஸ்திரேலியாவையும் அள்ளும், ஜப்பானையும் தென்னாப்பிரிக்காவையும் முனைகளில் இழக்கும். வடமேற்கு-தென்கிழக்காக இன்னொன்று கட்டி ஒரு சுவிட்சில் மாற்றிக்கொண்டால் சுழலும் பீம் இல்லாமலே நான்கு திசையும் கிடைக்கும். எந்தக் கம்பி எதைத் தூக்குகிறது என்று பெர்த், ஜப்பான் பீக்கன்களை வைத்து இருபது விநாடிக்குள் சோதிக்கலாம்.

28.4 மெகாஹெர்ட்ஸுக்கு டைப்போலின் மொத்த நீளம் 143-ஐ அதிர்வெண்ணால் வகுத்து 5.04 மீட்டர், ஒரு கைக்கு 2.52. வெற்றுச் செம்புக்கம்பிக்கு இந்தக் கணக்கு. கடையில் கிடைக்கும் 1.5 சதுர மி.மீ. வீட்டு வயரில் பிவிசி உறை இருப்பதால் மூன்று முதல் ஐந்து சதவீதம் குறையும். 2.60-க்கு வெட்டிக் கட்டிவிட்டு எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் சக்தியைக் காட்டும் அளவு) பார்த்துக் குறையுங்கள். இரு கையிலும் ஒரு சென்டிமீட்டர் குறைத்தால் சுமார் 110 கிலோஹெர்ட்ஸ் மேலே நகரும். ஊட்டுமுனையில் 63 மி.மீ. பிவிசி குழாயில் கோஆக்ஸை (ரேடியோவை ஆன்டெனாவோடு இணைக்கும் கேபிள்) ஆறு சுற்று சுற்றிக் கட்டினால் கேபிளின் வெளிப்பக்கம் மின்னோட்டம் ஓடாது. உயரம் குறைந்தது 5.3 மீட்டர், 10 மீட்டர் கிடைத்தால் அலை சுமார் 15 பாகைத் தாழ்கோணத்தில் கிளம்பித் தூரம் போகும். ஆர்ஜி-58 கேபிள் 20 மீட்டருக்கு ஒன்றரை டெசிபலுக்கு மேல் தின்னும், ஆர்ஜி-213 அதில் பாதி. தென்னையில் கட்டுவதானால் ஒரு முனையைக் கப்பியில் ஓடவிட்டு எடைக்கல் தொங்கவிட வேண்டும், இல்லையென்றால் ஐப்பசிக் காற்றில் மரம் ஆடும்போது கம்பி அறுந்துவிடும்.

வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்களுக்கு இரண்டு தொல்லை. மின்கம்பப் பீங்கானில் உப்புப் படிந்து வறண்ட மாதங்களில் பொறி பறக்கும், 28-இல் அது இடைவிடாத இரைச்சலாகக் கேட்கும். ஒரு கனமழைக்குப் பின் இரைச்சல் மறைந்தால் காரணம் அதுதான். பேட்டரி ஏஎம் ரேடியோவோடு நடந்து எந்தக் கம்பம் என்று கண்டுபிடித்து மின்வாரியத்தில் எழுதிக் கொடுக்கலாம். கம்பத்தில் யாரும் கை வைக்க வேண்டாம். இன்னொன்று கேபிளின் முனையில் மாட்டும் பிஎல்-259 கனெக்டர். உப்புக் காற்று நுழைந்தால் கோஆக்ஸின் பின்னல் பச்சை பிடித்துக் கருக்கும், எஸ்டபிள்யூஆர் நன்றாகவே காட்டும், சிக்னல் மட்டும் குறைந்துகொண்டே போகும். கேபிளில் இழப்பு கூடக் கூட எஸ்டபிள்யூஆர் இன்னும் அழகாகத் தெரியும் என்பதால் மீட்டர் இங்கே ஏமாற்றும். தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாக, பாதிக்குப் பாதி மேற்படியச் சுற்றி, அதன்மேல் சாதாரண இன்சுலேஷன் டேப் போடுங்கள். கனெக்டருக்கு முன்னால் கேபிளை ஒரு வளையம் தொங்கவிட்டால் மழைநீர் அங்கே சொட்டிவிடும். வருடத்துக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன், முனையை ஓர் அங்குலம் வெட்டிப் பாருங்கள். உள்ளே செம்பு பளபளப்பாக இல்லை என்றால் பளபளப்பு வரும்வரை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போடுங்கள்.