எக்ஸ்பெல்

"அப்பா, எக்ஸ்பெல்னா பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்துறதுதானே? அப்புறம் ஏன் நுரையீரல் காற்றை எக்ஸ்பெல் பண்ணுதுன்னு போட்டிருக்கு?"

மகள் மடியில் அறிவியல் புத்தகம். சரி என்று அகராதியை எடுத்தோம்.

லத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே. 'பெல்லெரே' என்றால் தள்ளுவது, விரட்டுவது. மூச்சை விடுவதும் மாணவனை நீக்குவதும் நாடு கடத்துவதும் ஆங்கிலத்துக்கு ஒரே தள்ளுதான். தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனி வினை இருக்கிறது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

கம்பெல், ரிப்பெல், புரொப்பெல் எல்லாம் இதே வீட்டுப் பிள்ளைகள். பல்ஸும்தான்!

உடனே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, கண்ணை மூடி எண்ணத் தொடங்கிவிட்டாள்.

எனக்கோ 1972 உகாண்டாவுக்குப் போய்விட்டது மனம். அங்கே வாழ்ந்த ஆசியர்கள் வெளியேற, அந்நாட்டு ராணுவ ஆட்சியாளர் இடி அமீன் கொடுத்த கெடு 90 நாள். அதற்கும் இதே சொல்தான். தலைமுறைகளாகக் கடை வைத்திருந்தவர்கள், பெட்டியும் கையுமாக விமான நிலையத்தில்.

நுரையீரல் வெளியே தள்ளிய கையோடு மறுபடி காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அவர்களில் பெரும்பாலோர் திரும்பவே இல்லை.

"84ப்பா," என்றாள் மகள், விரலை எடுக்காமல்.