ராக் அண்ட் பாப் டிஜிட்டல் தேர்வு: கை பிந்துகிறதா, கணினி பிந்துகிறதா?

டிரினிட்டி கல்லூரியின் ராக் அண்ட் பாப் இசைத் தேர்வு, எலெக்ட்ரிக் கிட்டார், ஆறாம் கிரேடு. டிஜிட்டல் முறை, அதாவது வாசிப்பதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். முடிவு வந்துவிட்டது: 89. டிஸ்டிங்ஷனுக்கு நூற்றுக்கு 87 வேண்டும். மயிரிழையில்தான் என்றாலும் தாண்டியாயிற்று. பாடல்களைத் தேர்ந்தெடுப்பது, டெக்னிக்கல் ஃபோகஸ் பற்றியெல்லாம் எழுத ஆள் இருக்கிறார்கள். நான் ஒலித் தாமதத்தை, அதாவது கம்பியைத் தட்டியதற்கும் ஸ்பீக்கரில் கேட்பதற்கும் உள்ள இடைவெளியை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் என்னை வாட்டியது அதுதான்.

என்னிடம் ஆம்ப் கிடையாது. கிட்டார் இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி) வழியாக லேப்டாப்புக்குப் போகும். அதில் ஆம்ப் சிமுலேட்டர், அதாவது ஆம்பின் ஒலியைத் தரும் மென்பொருள். பேக்கிங் டிராக் எனும் பின்னணி இசையும் அதே லேப்டாப்பில். இரண்டும் ஒரே ஸ்பீக்கரில் ஒலிக்க, எதிரே ஃபோன் படமெடுக்கும். ஒத்திகை வீடியோவைக் கேட்ட ஆசிரியர், "தாளத்துக்குப் பின்னால் இழுக்கிறாய் தம்பி, மெட்ரோனோமோடு உட்கார்" என்றார். உட்கார்ந்தேன். மின் இணைப்பில்லாத வெறும் கம்பி மெட்ரோனோமோடு கச்சிதமாக நின்றது. அப்போதே சந்தேகம் லேப்டாப்பின் மேல் திரும்பியது.

இனி நான் சொல்வதை மட்டுமாவது செய்யுங்கள். இடது உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கி, பிக்கால் ஓங்கித் தட்டுங்கள். பக்கத்திலேயே ஃபோன் பதிவு செய்துகொண்டிருக்கட்டும். அந்தப் பதிவைக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். கம்பியின் "டக்" ஒரு முள்ளாகத் தெரியும். ஸ்பீக்கரில் வந்த "டக்" சற்றுத் தள்ளி இன்னொரு முள். இரண்டுக்கும் இடைவெளிதான் உங்கள் முழுத் தாமதம். மென்பொருள் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். அது டிரைவர் (இன்டர்ஃபேஸைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) சொல்வதைத்தான் ஒப்பிக்கிறது.

எனக்கு வந்தது ஏறக்குறைய 70 மில்லி விநாடி. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில், ஒரு தட்டின் கால் பங்கான பதினாறாம் சுரம் ஒன்றுக்கு 125 தான். பாதிக்கு மேல் போய்விட்டது! சாதாரண வீட்டுப் பதிவில் மென்பொருளே டிராக்கை முன்னே நகர்த்திச் சரிக்கட்டிவிடும். தேர்வு வீடியோவில் வெட்டி ஒட்ட வழியில்லை. அறையில் கேட்டதுதான் தேர்வாளருக்கும்.

காரணம், பொது டிரைவரும் 1024 பஃபரும். பஃபர் என்பது கணினி ஒரே தவணையில் சேர்த்துக் கையாளும் ஒலித் துண்டுகளின் (சாம்பிள்) எண்ணிக்கை. விநாடிக்கு 48,000 சாம்பிளில் 1024 என்றால் 21 மில்லி விநாடி, உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை. மீதியை டிரைவர் சேர்த்துக்கொள்கிறது. இன்டர்ஃபேஸுக்கே உரிய ஏசியோ (தாமதத்தைக் குறைக்கும் வகை) டிரைவரைப் போட்டு, பஃபரை 128 ஆக்கியதும் மொத்தத் தாமதம் பத்துக்கு இறங்கியது. புது லேப்டாப் வாங்கச் சொன்ன நண்பர்களுக்கு நன்றி, பணம் மிச்சம்.

மற்றவை:

- புளூடூத் ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் வேண்டவே வேண்டாம். நூறு, இருநூறு மில்லி விநாடியை அதுவே விழுங்கும்.
- 128-ல் "படபட" என்று சத்தம் உடைந்தால் முதலில் வைஃபையை அணையுங்கள், சார்ஜரைச் செருகுங்கள். பிறகுதான் 256.
- லீனியர் ஃபேஸ் ஈக்யூ, முன்னோக்கிப் பார்க்கும் லிமிட்டர் போன்ற ப்ளக்-இன்களை (ஒலியை மெருகேற்றும் துணை மென்பொருள்கள்) எடுத்துவிடுங்கள், அவையும் தாமதத்தைக் கூட்டும்.
- ஸ்பீக்கர் ஒரு மீட்டர் தள்ளியிருந்தால் காற்றிலேயே 3 மில்லி விநாடி.
- இன்டர்ஃபேஸில் உள்ள நேரடி மானிட்டர் பொத்தான், ஒலியைக் கணினிக்குள் சுற்றவிடாமல் நேரே கேட்கவைப்பது, பாடுபவர்களுக்கு வரம். டிஸ்டார்ஷன் வேண்டிய நமக்கு அதில் வெறும் கம்பிச் சத்தம்தான் கிடைக்கும்.

இதையெல்லாம் பதிவு நாளுக்கு முந்தைய இரவில் செய்யாதீர்கள். தாமதத்தோடு பழகிய கை, தெரியாமலே முந்தி அடிக்கக் கற்றிருக்கும். தாமதம் போனதும் எனக்கு இரண்டாம் பாடலின் சோலோ முழுக்கத் தாளத்துக்கு முன்னால் ஓடியது. அது அடங்கச் சில வாரங்கள் பிடித்தன.